ஆடி மாசத்து ஆரத்தி

எண்பத்தேழுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவில் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ கல்யாணம் பண்ணிக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் பரணில் கிடக்கும் ஆல்பத்தை இறக்கி, தூசி தட்டி, மாப்பிள்ளை அழைப்புப் படத்தைப் பாருங்கள். திறந்த காரின் பின்சீட்டில் கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி, கூப்பிடாமலே ஏறிக்கொண்ட வாண்டுகள். படத்தின் அடி ஓரத்தில், நெற்றிப் பொட்டும் தலைக் கனகாம்பரமும் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டுப்பட்டு ஒரு பெண் இருப்பாள். அவள்தான் காரை ஓட்டிய இரும்புலியூர் தையல்நாயகி. படம் பிடிக்கிறவனுக்கு மாப்பிள்ளைதானே முக்கியம், டிரைவர் மூஞ்சி யாருக்கு வேண்டும்!

குழந்தையில் வந்த காய்ச்சல் ஒன்று அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். அதைப் பார்த்து யாராவது "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டினால் தீர்ந்தது கதை. நடுத்தெருவில் நிற்க வைத்துக் காய்ச்சி எடுத்துவிடுவாள். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட்டாகிப் போன பிறகு அண்ணன் துரைராஜ் கல்யாணங்களுக்குப் பந்தலும் நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விட ஆரம்பித்தான். அதோடு சும்மா இருந்தானா? எண்பத்தாறில் எங்கேயோ ஏலத்தில் ஒரு பழைய அமெரிக்கக் காரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். இளநீலம். மேற்கூரையை மடக்கிவிடலாம். நீளம் என்றால் அப்படி ஒரு நீளம், பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. தெருவே கூடிவிட்டது.

அந்தக் காரில் கிளட்ச் கிடையாது. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கம்பி. அதை இழுத்து 'டி' என்ற எழுத்தில் வைத்தால் போதும், கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். ஊர்வலத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? நாயனக்காரர் பின்னால் அம்பாசிடர் ஊர்ந்தால் கிளட்ச் தீய்ந்து நாறும். இது பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகவே நகரும், வைத்தால் நிற்கும். துரைராஜ் பூரித்துப் போனான்.

பூரிப்பெல்லாம் முதல் கல்யாணம் வரைக்கும்தான். டிரைவர் சிட்டிபாபு வருஷக் கணக்காக அம்பாசிடர் ஓட்டின ஆள். வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கலாம் என்று நினைத்ததும் அவனுடைய இடது கால், பழக்க தோஷம், கிளட்சைத் தேடிப் போயிற்று. அங்கே இருந்ததோ பலகை அகலத்துக்கு பிரேக். ஓங்கி ஒரு மிதி! கார் நின்றது, மாப்பிள்ளை நிற்கவில்லை. முன்சீட்டைத் தாண்டிப் பறந்து, மாலையும் தானுமாகச் சிட்டிபாபுவின் மடியில் வந்து விழுந்தார். அடுத்து வந்த டிரைவரும் அதையே செய்தான். அவனுக்கு அடுத்தவன் இரண்டு தடவை செய்தான்.

"இடது கால் எங்கியும் போவாத ஆளு ஒருத்தி நம்ம வூட்டுலயே கீறேனே, உன் கண்ணுக்குத் தெரியலியாண்ணா?" என்றாள் தையல்நாயகி.

துரைராஜ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. விமானப் படை மைதானத்துப் பக்கம் போகிற காலியான ரோட்டில் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கிய கூத்தைச் சொன்னால் இன்னொரு கதையாகும், விடுங்கள். அடுத்த தை மாதத்திலிருந்து அவள்தான் டிரைவர். நடந்து போனால் எல்லாரும் காலைப் பார்த்தார்கள். ஓட்டிப் போனால் காரைப் பார்த்தார்கள். அந்த சீட்டில் உட்காருகிற ஒவ்வொரு சாயங்காலமும் அவளுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷமாக இருந்தது.

எண்பத்தொன்பது வைகாசியில் வண்டி வாலாட்ட ஆரம்பித்தது. 'டி'யில் போட்டால் சட்டென்று நகராது. கூப்பிட்டால் காது கேளாத மாதிரி கொஞ்ச நேரம் யோசிக்கும், பிறகு வெடுக்கென்று ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கிளம்பும். போகப் போக இன்ஜின் மட்டும் ஓவென்று கத்தும், சக்கரம் அசமந்தமாக உருளும். ஆனி மாதக் கல்யாணம் ஒன்றில் மானமே போயிற்று. குரோம்பேட்டை ரயில்வே கேட் மேட்டில் பாதி ஏறிய கார் அப்படியே நின்றுவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் ஊரைக் கூட்டியதே தவிர வண்டி ஓர் அடி நகரவில்லை. கேட்காரர் கத்துகிறார், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, நாயனக்காரர் என்ன வாசிப்பது என்று தெரியாமல் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை இறங்கி, கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி நடந்தே போனார்.

மறுநாள் மெக்கானிக் ஏகநாதன் வந்தான். லாரி, டிராக்டர் எல்லாவற்றையும் பிரித்து மேய்கிறவன். நல்ல கைக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் எண்ணெய் பார்க்கிற நீளக் கம்பியை உருவினான். சிவப்பு எண்ணெய் கோட்டுக்கு மேலேயே இருந்தது. கம்பியை வேஸ்ட் துணியில் துடைத்துப் போட்டான்.

"எண்ணெ ஃபுல்லா கீது. அப்போ பாக்ஸே காலி. இத்த இங்க யாரும் தொறக்க முடியாதுண்ணா. பேசாம தூக்கிப் போட்டுட்டு அம்பாசிடர் கியர்பாக்ஸ் ஒண்ணு மாட்டிடலாம். கிளட்ச் பெடல் வெச்சி, ராஜா மாதிரி ஓட்டலாம்."

"யாரு ஓட்றது?" என்றாள் தையல்நாயகி.

ஏகநாதன் அவள் காலைப் பார்த்தான். பார்த்தவுடனே தப்பு என்று தெரிந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

துரைராஜ் கெட்டவன் இல்லை. தங்கை மேல் உயிர். ஆனால் மாப்பிள்ளையை நடக்க விட்டவன் என்ற பேர் தாம்பரம் முழுக்கப் பரவினால் பந்தல் வாடகைக்குக்கூட ஆள் வராது. "சிட்டிபாபுவ மறுபடி கூப்ட்டுக்கலாம். நீ வூட்டுல உக்காந்து ஆர்டர் புடி, தையலு. ஆடில எப்படியும் முகூர்த்தம் இல்ல, அதுக்குள்ள வேலைய முடிச்சிடலாம்" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னான்.

"ஆடில நல்ல காரியம் ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஊரே சொல்லுது. என் கிளட்சு மட்டும் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கதவுக்குப் பின்னால் வாய்விட்டே அழுதாள். கால் சூம்பினதற்கு ஒரு நாளும் அழாதவள் அவள்.

ஆடி பிறந்தது. பழைய அம்பாசிடர் கியர்பாக்ஸும் கிளட்ச் பெடலும் சாக்குப் பையில் வந்து மாட்டுக் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்தன. மாடுகளை விற்று நாளாயிற்று, கொட்டகையில் இப்போது கார்தான் நிற்கும். முகூர்த்தம் இல்லாவிட்டாலும் பேட்டரி சாகக் கூடாது என்று தையல்நாயகி தினமும் காலையில் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட விட்டு அணைப்பாள். ஒரு நாள், பழைய பாக்ஸைத் தூக்கி இறக்க மறுநாள் செயின் புல்லியோடு வருவதாக ஏகநாதன் சொல்லியிருந்தான். அதனால் அன்றைக்குக் காலையில் கடைசியாக ஒரு தரம் என்று கொஞ்சம் அதிக நேரமே ஓட விட்டாள்.

கொட்டகையைப் பெருக்க வந்த அண்ணி செல்லியம்மாள் கத்தினாள். "எந்தக் கட்டைல போறவன் வந்து இங்க வெத்தல எச்சி துப்பினான்? நேத்துதானே கழுவி வுட்டேன்!"

தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். காரின் முன்பக்கம், அடியில், சிமெண்டுத் தரையில் சிவப்பாகக் கொஞ்சம் ஈரம்.

"எச்சி இல்லண்ணி, நீ சுத்திப் போட்ட ஆரத்தியா இருக்கும்" என்றாள். ஒவ்வொரு முகூர்த்தமும் முடிந்து கார் வீட்டுக்குத் திரும்பினால், ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்கும் என்று செல்லியம்மாள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரைச் சுற்றி, காருக்கு அடியிலேயே கொட்டுவாள். மண்டப வாசலிலும் அப்படித்தான், பெண் வீட்டு அம்மாக்கள் கொட்டுவார்கள். வருஷம் பூரா அந்தக் காரின் அடியில் சிவப்பாக இருக்கும். அதை யார் குனிந்து பார்த்தார்கள்?

செல்லியம்மாள் துடைப்பத்தை இடுப்பில் ஊன்றிக்கொண்டு முறைத்தாள். "இன்னாடி சொல்ற? ஆடி மாசத்துல யார் கல்யாணத்துக்குடி நான் ஆரத்தி எடுத்தேன்?"

தையல்நாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்து, வலது கையை விட்டு அந்தச் சிவப்பைத் தொட்டாள். தண்ணீர் இல்லை. வழவழப்பு. கார் அடியில் தலையை நுழைத்தாள். ரேடியேட்டரின் அடியில் போய்ச் சேருகிற ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் கசிந்து, நுனியில் ஒரு சிவப்புச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஏகநாதன் கம்பியைத் துடைத்துப் போட்ட வேஸ்ட் துணி கொட்டகை மூலையிலேயே கிடந்தது. தரைச் சிவப்பை இன்னொரு துணியில் ஒற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே சிவப்பு!

"அண்ணி! இது ஆரத்தி இல்ல! கியர்பாக்ஸ் எண்ணெ! எத்தன நாளா ஒழுவிகினு கீதோ, நாம ஆரத்தி ஆரத்தின்னு கழுவி வுட்டுகினே இருந்துகீறோம்!"

"அப்போ அந்த ஏகநாதன் ஃபுல்லா கீதுன்னான்?"

அதுதான் புரியவில்லை. ஒழுகுகிற பாத்திரம் எப்படி நிறைந்திருக்கும்? தையல்நாயகி பதில் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு துணியையும் பையில் திணித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனாள். அந்த மேம்பாலப் படிகளைக் கட்டியவனைத் திட்டிக்கொண்டே ஏறி இறங்கி, எழும்பூரில் போய் இறங்கினாள். பழைய கார் சாமான் எது வேண்டுமானாலும் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு கடையாகக் கேட்டாள். "ஆட்டோமேட்டிக்கா? ஹில்டாம்மாகிட்ட போங்க" என்று கை காட்டினார்கள்.

ஹில்டா கவுன் போட்ட கனத்த பெண்மணி. வெளிநாட்டுக் கார் சாமான் கடை. கல்லாவில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தவள், தையல்நாயகி நீட்டிய துணியை வாங்கி மூக்கில் வைத்து உறிஞ்சினாள்.

"தீஞ்ச நாத்தம் இல்ல. கருப்பும் இல்ல. கருப்பாகி, அடிப்பிடிச்ச பால் மாதிரி நாறிச்சின்னா வூட்டுக்குப் போய் அழுன்னு சொல்லியிருப்பேன். இது சிவப்பா இருக்கு. உயிர் இருக்கும்மா உன் பாக்ஸுக்கு!"

"ஆனா கம்பில பாத்தா ஃபுல்லா காட்டுதே அக்கா?"

"எப்படிப் பாத்தீங்க? இன்ஜின் ஓடும்போதா, நிறுத்திட்டா?"

"நிறுத்திட்டுதான். அம்பாசிடர்ல அப்படித்தானே பாப்பாங்க?"

ஹில்டா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மை காட்! அது இன்ஜின் ஆயிலு! இது அப்படி இல்லம்மா. இன்ஜின நிறுத்தினா மேல இருக்கிற எண்ணெ எல்லாம் கீழ வந்து உக்காந்துடும், கம்பி ஃபுல்லுன்னு பொய் சொல்லும். வண்டியச் சூடு பண்ணு, சமதரைல நிறுத்து, இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போதே கம்பிய உருவு. அப்பத்தான் உண்மை பேசும். எண்ணெ கம்மியானா பாக்ஸுக்குப் பிடிப்பு இருக்காது. இன்ஜின் மட்டும் கத்தும், மேட்டுல நின்னுடும். நின்னுச்சா?"

"நின்னுது அக்கா! மாப்பிள்ள நடந்தே பூட்டாரு!"

இரண்டு பேரும் கடையே அதிரச் சிரித்தார்கள். ஹில்டா தகர டப்பாக்களில் சிவப்பு எண்ணெயும், அந்த எண்ணெயை ஆறவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாயில் அளவாக வெட்டிய புதுசும், அதை இறுக்கும் வளையங்களும் கட்டிக் கொடுத்தாள். "லாரிக்கு ஊத்துற கெட்டி ஆயில ஊத்தினா கொன்னுடுவேன். இதுக்கு இந்தச் சிவப்புதான். அளவுக்கு மேல ஒரு சொட்டும் வேணாம். இன்னொண்ணு, வழில நின்னா தள்ளி ஸ்டார்ட் பண்ண முயற்சி பண்ணாதே, கயிறு கட்டி இழுக்காதே. உள்ள இருக்கிறதெல்லாம் செத்துடும்."

"அக்கா, நீங்க கார் ஓட்டுவீங்களா?"

"எனக்கு பயம்மா!" என்றாள் ஹில்டா.

மறுநாள் காலையில் ஏகநாதன் செயின் புல்லியோடு வந்தபோது தையல்நாயகி கொட்டகை வாசலில் குறுக்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கழட்டுறதுக்கு மின்னாடி ஒரு வாட்டி கம்பிய உருவிப் பாரு. இன்ஜின் ஓடும்போது பாரு."

"ஓடும்போது எவனாச்சும் எண்ணெ பாப்பானா? இன்னாக்கா, காலங்காத்தால பேஜார் பண்ற."

"பாத்தா உன் சொத்தா போயிடும்?"

வண்டி சூடாகும் வரை ஓடியது. ஏகநாதன் அலுத்துக்கொண்டே கம்பியை உருவினான். பார்த்தான். துடைத்துவிட்டு இன்னொரு முறை விட்டு உருவினான். கோட்டுக்கு எவ்வளவோ கீழே, நுனியில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி சிவப்பு. அவன் முகம் மாறியதைத் துரைராஜும் பார்த்தான்.

"அண்ணா," என்றான் ஏகநாதன், "பாக்ஸு காலி இல்லண்ணா. எண்ணெதான் காலி!"

அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. தானே காருக்கு அடியில் புகுந்து பழைய குழாயைக் கழற்றினான். புதுசை மாட்டினான், வளையத்தை இறுக்கினான். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் கம்பியை உருவிப் பார்த்து, கோட்டைத் தொட்டதும் "போதும் போதும், நிறுத்து!" என்று அலறினான். தையல்நாயகி ஏறி உட்கார்ந்து 'டி'யில் போட்டாள். கார் யோசிக்கவில்லை. போட்ட கையோடு நகர்ந்தது.

"சரி, நகருது. கேட் மேட்டுல ஏறுமா?" என்றான் துரைராஜ். "ஏறலேன்னா நாளைக்கே கழட்டிடுவோம். அப்பால நீ ஒண்ணும் பேசக் கூடாது."

"பேச மாட்டேன். ஆனா காலி வண்டில இல்ல, ஊர்வலத்துல ஏத்துற பாரத்தோட ஏத்திக் காட்றேன். நீ மாப்பிள்ள சீட்டுல உக்காரு!"

துரைராஜ் பின்சீட்டில் உட்கார்ந்தான். செல்லியம்மாள் ஏறினாள். ஏகநாதன் கரிக் கையோடு ஏறினான். தெருவில் நின்றவர்கள், வந்தவர்கள், வாண்டுகள் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். இளநீலக் கார் ஜி.எஸ்.டி. ரோட்டில் திறந்தபடி போனது. பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்கள் மோவாயில் கை வைத்தார்கள்.

"அடக் கடவுளே, ஆடி மாசத்துல மாப்பிள்ளை அழைப்பா?"

"மாப்பிள்ளைக்கு வயசப் பாருடி! பக்கத்துல பொண்ண வேற உக்கார வெச்சிருக்கு, வெக்கங்கெட்டது!"

துரைராஜுக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. செல்லியம்மாளோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

குரோம்பேட்டை கேட் மேடு வந்தது. கார் ஏற ஆரம்பித்தது. பாதி மேட்டில், போன தடவை நின்ற அதே இடத்துக்குப் பக்கத்தில், கேட்காரர் கேட்டை இறக்கிவிட்டார்! தையல்நாயகி பிரேக்கை மிதித்தாள். இத்தனை பாரத்தோடு மேட்டில் நின்று கிளம்புவதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது. ரயில் வருகிற வழியைக் காணோம். 'இது மட்டும் போச்சுன்னா நான் மறுபடி திண்டாடிகினு நடக்கிறவதான்' என்று நினைத்தாள். தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

மின்சார ரயில் தடதடவென்று போனது. கேட் ஏறியது. தையல்நாயகி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள், ஆக்ஸிலேட்டரைத் தொட்டாள்.

கார் ஏறியது! கத்தவில்லை, குலுக்கவில்லை, வெண்ணெயில் போவது மாதிரி ஏறித் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. வாண்டுகள் விசிலடித்தார்கள். போன மாதம் கத்திய அதே கேட்காரர் கையைத் தூக்கி ஆட்டினார். துரைராஜ் மாப்பிள்ளை சீட்டிலிருந்து எழுந்து நின்று, "என் தங்கச்சிடா! என் தங்கச்சி!" என்று யாரிடம் என்றில்லாமல் கூவினான். தையல்நாயகிக்குக் கண் மறைத்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு ஓட்டினாள்.

ஆவணியில் முதல் முகூர்த்தம் குரோம்பேட்டை சுந்தரராமன் வீட்டுப் பெண் வேதாவுக்கு. மாப்பிள்ளை அழைப்பு மண்டப வாசலுக்கு வந்தது. ஆரத்தித் தட்டோடு வந்த மாமியைத் தையல்நாயகி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மாமி, சுத்துங்க, நல்லா சுத்துங்க. ஆனா தண்ணிய அப்படி ஓரமா கொட்டுங்க. வண்டி கிட்ட வேணாம்."

"ஏம்மா, வழக்கமா இங்கதானே கொட்டுவா?" என்றார் சுந்தரராமன்.

"இனிமே வழக்கம் மாறிப்போச்சு சார். என் வண்டிக்கு அடில சிவப்பு தெரிஞ்சா அது என்னான்னு எனக்குத் தெரியணும்."

அவர் தானே தட்டை வாங்கி ஓரமாகக் கொண்டுபோய்க் கொட்டினார். அன்றிலிருந்து அந்தக் கார் போன எல்லாக் கல்யாணத்திலும் அதுதான் சட்டம்.

சாக்குப் பையில் வந்த கியர்பாக்ஸும் கிளட்ச் பெடலும் மட்டும் கொட்டகையிலேயே தங்கிவிட்டன. "எடைக்குப் போட்டுடலாமாக்கா?" என்று ஏகநாதன் கேட்டதற்குத் தையல்நாயகி ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் இன்ஜினை ஓட விட்டு, கம்பியை உருவிப் பார்த்து, தரையில் குனிந்து பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பழைய கியர்பாக்ஸ் எதிரே உட்காருவாள். செல்லியம்மாள் காபியைக் கொண்டுவந்து கொடுப்பாள். தையல்நாயகி இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி, அந்தக் கிளட்ச் பெடல் மேல் நீட்டி வைத்துக்கொண்டு, ஆற அமரக் குடிப்பாள்.